தைக்கக் கொடுப்பவர்கள் பாக்கெட் பற்றிக் கேட்கும் கேள்விகள்

தையற்கடையில் அளவு கொடுக்கும்போது கழுத்து, கை, உயரம் எல்லாவற்றையும் பேசிவிட்டு, பாக்கெட்டை மட்டும் "வழக்கம்போல வச்சிடுங்க" என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் போன் நுழையவில்லை, மூலை கிழிந்தது, சில்லறை நழுவியது என்று அதே கடையில் போய் நிற்கிறோம். துணியில் கத்தரி படுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது பாக்கெட். எதை வைக்கப் போகிறோம், எந்தக் கை எடுக்கப் போகிறது, உட்கார்ந்து எடுப்போமா நின்று எடுப்போமா, இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் நல்ல டெய்லர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

பாக்கெட்டில் மொத்தம் எத்தனை வகை?

பெயர்களை அடுக்கினால் நீண்டுகொண்டே போகும். தைக்கிற முறையை வைத்துப் பார்த்தால் மூன்றுதான். முதலாவது, துணியின் மேல் இன்னொரு துண்டை வைத்து மூன்று பக்கமும் தைத்து, மேல்பக்கத்தைத் திறந்து விடுவது. இது பேட்ச் பாக்கெட். சட்டைப் பை, ஜீன்ஸின் பின்பக்கப் பை, கார்கோ எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, பக்கத் தையலில் கொஞ்ச தூரம் தைக்காமல் விட்டு, அந்த வாய்க்கு உள்ளே பையைத் தொங்கவிடுவது. ஜிப்பா, நைட்டி, பழைய மாதிரி பேன்ட் இவற்றில் பார்க்கலாம். மூன்றாவது, தையலே இல்லாத இடத்தில் துணியைக் கீறி வாய் உண்டாக்குவது. பேன்ட்டின் பின்பக்கமும் கோட்டும் இந்த முறைதான்.

முதல் வகை சுலபம், ஆனால் கால் இன்ச் கோணினாலும் ஊருக்கே தெரியும். இரண்டாவது வெளியே தெரியாது. கோணினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவதில்தான் டெய்லரின் கை தெரியும். கீறிய பிறகு திரும்பிப் போக வழியில்லை.

சட்டைப் பை ஏன் இடப்பக்கம் இருக்கிறது? வலப்பக்கம் வைக்கச் சொல்லலாமா?

பெரும்பாலானவர்களுக்கு வலது கைப் பழக்கம். வலது கை நெஞ்சுக்குக் குறுக்கே போய் இடப்பக்கத்தில் எடுப்பது இயல்பாக வரும். இடது கைக்காரர்கள் தாராளமாக வலப்பக்கம் கேட்கலாம். வேலை ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். கேட்பவர்கள்தான் குறைவு.

சட்டைப் பைக்கு என்ன அளவு சொல்வது? போன் வைக்கலாமா?

40 சைஸ் சட்டைக்கு அகலம் நாலரை முதல் 5 இன்ச், நீளம் ஐந்தரை இன்ச் என்பது வழக்கமான அளவு. பட்டன் பட்டியிலிருந்து சுமார் இரண்டரை இன்ச் தள்ளி, கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து ஏறக்குறைய 8 இன்ச் கீழே வாய் வரும். உயரம் குறைந்தவர்களுக்கு அரை இன்ச் ஏற்றி வைத்தால் எடுப்பாக இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இன்றைய பெரிய போன்கள் 16 செ.மீ. உயரம் வருகின்றன. ஐந்தரை இன்ச் பை 14 செ.மீ. மிச்சம் 2 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தால், செருப்பு வாரைப் போடக் குனிந்தால் போன் விழும். பையை ஆறே முக்கால் இன்ச்சுக்கு ஆழப்படுத்தலாம்தான். ஆனால் 200 கிராம் எடை ஒரு பக்கத்தில் தொங்கினால் மெல்லிய காட்டன் சட்டை அந்தப் பக்கமாக இழுபட்டு, காலரே கோணும். என்னைக் கேட்டால் சட்டைப் பை பேனாவுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும்தான். போனுக்கு பேன்ட் பாக்கெட்டில் இடம் கேளுங்கள்.

பேனா வைப்பவர்கள் பைக்குள் ஓரத்தில் முக்கால் இன்ச் தள்ளி ஒரு தையல் ஓட்டச் சொல்லலாம். பேனா சாயாமல் நிற்கும். மை கசிவதுதான் தீராத தலைவலி. அதற்கென்றே சட்டைப் பைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை ஒன்றுக்கு ஹர்லி ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1947-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கப் பொறியாளர்களின் அடையாளமாகவே அது பல வருடம் இருந்தது.

நம்மூர் அரசியலில் வெள்ளைச் சட்டைப் பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தலைவர் படம் உள்ளே இருந்து வெளியே தெரிய வேண்டும். துணி தடிமனாக இருந்தால் அது நடக்காது!

காக்கிச் சட்டை மாதிரி மூடி வைத்த இரண்டு பாக்கெட் எப்போது கேட்கலாம்?

வெயிலிலும் மழையிலும் வெளியே அலைகிற வேலை என்றால் கேட்கலாம். அந்தப் பையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. உள்ளே பொருள் போகப்போக மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். மூடியும் பட்டனும் இருப்பதால் குனிந்தாலும் விழாது. ஆபீஸ் சட்டைக்கு இது வேண்டாம். இஸ்திரி போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பாக்கெட் மூலை மட்டும் ஏன் சீக்கிரம் கிழிகிறது?

கையை விடும்போதும் எடுக்கும்போதும் இழுப்பு முழுவதும் வாயின் இரண்டு மூலைகளில்தான் விழுகிறது. அதனால்தான் சட்டைப் பையின் மேல் மூலையில் சின்ன முக்கோணமாகத் தையல் போடுகிறார்கள். உள்பக்கம் அதே இடத்தில் துண்டுத் துணி ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்தால் இன்னும் உழைக்கும். ரெடிமேடில் இதற்குப் பதில் நெருக்கமாகப் போட்ட சின்னக் கோடு ஒன்று இருக்கும். திருப்பூர்ப் பக்கம் பார்டேக் என்பார்கள், அதற்குத் தனி மெஷினே உண்டு. சட்டை வாங்கும்போது அந்த இரண்டு மூலைகளையும் ஒருதரம் புரட்டிப் பாருங்கள். அங்கே அலட்சியம் தெரிந்தால் மற்ற இடத்திலும் இருக்கும்.

இந்த மூலைப் பிரச்சினையிலிருந்துதான் ஜீன்ஸே பிறந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற டெய்லர் இருந்தார். கூலி வேலை செய்யும் தன் கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று ஒரு பெண்மணி அவரிடம் கேட்டார். குதிரைப் போர்வைக்கு வார் பிணைக்க வைத்திருந்த செம்பு ரிவெட்டை எடுத்துப் பாக்கெட் மூலைகளில் அடித்துக் கொடுத்தார் டேவிஸ். ஊரெல்லாம் அதே மாதிரி கேட்டது. காப்புரிமைக்குக் கட்டக் கையில் காசு இல்லாததால், தனக்குத் துணி விற்கும் சான்பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று இருவருக்கும் சேர்த்துக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமை ஜீன்ஸ் துணிக்காக இல்லை. பாக்கெட் வாயை ரிவெட்டால் கட்டியதற்காகக் கிடைத்தது.

அப்புறம் பின் பாக்கெட் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்தது. 1937-ல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். 1966-ல் அடியோடு எடுத்துவிட்டு பார்டேக் போட்டார்கள்.

கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட் கட்டம் பொருந்தாமல் நிற்கிறதே?

பொருத்தித் தைக்க முடியும். பாக்கெட் துண்டைத் தனியாக வெட்டாமல், சட்டையின் முன்துண்டின் மேல் வைத்து, கோட்டுக்குக் கோடு பார்த்து வெட்ட வேண்டும். கொஞ்சம் துணி வீணாகும், நேரமும் ஆகும். வெட்டுவதற்கு முன்பே சொன்னால் பெரும்பாலான டெய்லர்கள் செய்வார்கள். இன்னொரு வழி, பாக்கெட்டை மட்டும் குறுக்கு வாட்டத்தில் வெட்டி வைப்பது. கட்டம் சாய்ந்து டைமண்டாகத் தெரியும், பொருத்தம் என்ற பேச்சே எழாது. ஆனால் குறுக்கு வாட்டத்தில் வெட்டிய துணி இழுபடும் தன்மை உள்ளது, வாய்ப்பக்கம் சீக்கிரம் தொய்யும். உள்ளே மெல்லிய கேன்வாஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

பேன்ட்டுக்கு சைடு பாக்கெட்டா, கிராஸ் பாக்கெட்டா?

டெய்லரே கேட்கிற கேள்வி இது. பாதிப் பேர் யோசிக்காமல் "கிராஸ்" என்று சொல்லிவிடுவார்கள்.

சைடு பாக்கெட்டின் வாய் பக்கத் தையலிலேயே நேராக ஓடும். நிற்கும்போது பேன்ட்டில் பாக்கெட் இருப்பதே தெரியாது, தோற்றம் சுத்தமாக இருக்கும். குறை என்னவென்றால், உட்கார்ந்தால் வாய் மேலே பார்க்காமல் பின்பக்கம் சாயும். ஆட்டோவில், சோபாவில் சில்லறையும் சாவியும் நழுவுவது இதனால்தான்.

கிராஸ் பாக்கெட், இடுப்புப் பட்டியில் பக்கத் தையலிலிருந்து ஒன்றரை இரண்டு இன்ச் முன்னால் தொடங்கி, சாய்வாக இறங்கிப் பக்கத் தையலில் முடியும். கை தானாக நுழையும். பேன்ட் இறுக்கமாக இருந்தாலோ இடுப்பு அகலமானவர் போட்டாலோ வாய் காது மாதிரி விரிந்து நிற்கும். அதற்குப் பாக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இடுப்பில் அரை இன்ச் தளர்த்தினால் வாய் மூடிக்கொள்ளும்.

ஜீன்ஸ் மாதிரி வளைந்த வாய் மூன்றாவது. பைக்கில் போகிறவர்களுக்கு இது நல்லது, எதுவும் விழாது. உட்கார்ந்தபடி எடுக்க மட்டும் கொஞ்சம் நெளிய வேண்டும்.

எந்த மாதிரியாக இருந்தாலும் ஒரு அளவைச் சொல்ல மறக்காதீர்கள். வாய் முடிகிற இடத்துக்குக் கீழே பை எவ்வளவு ஆழம் போக வேண்டும்? போன் முழுதாக அடங்க ஆறரை இன்ச்சாவது வேண்டும். வாயின் நீளமும் அதே அளவு இருந்தால் கை சிக்காது. பையின் மேல்பக்கம் இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் எடையைப் பட்டி தாங்கும்.

பின் பாக்கெட்டில் "சிங்கிள் போன்", "டபுள் போன்" என்கிறார்களே, என்ன அது?

செல்போனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கீறிய வாயின் ஓரத்தில் கரை கட்டியது போல வரும் மெல்லிய துணிப்பட்டிக்குத்தான் அந்தப் பெயர். ஒரு பட்டி இருந்தால் சிங்கிள், மேலும் கீழுமாக இரண்டு இருந்தால் டபுள்.

தைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும், ஏன் இதற்குக் கூலி கூட என்று. முதலில் சாக்பீஸால் ஐந்தரை இன்ச்சுக்கு ஒரு கோடு. அடியில் பை துணி, மேலே பட்டித் துணி. கோட்டுக்கு மேலே கால் இன்ச், கீழே கால் இன்ச் தள்ளி இரண்டு தையல் ஓடும். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு நடுக்கோட்டில் கத்தரி. முனைக்கு அரை இன்ச் முன்னால் நிறுத்தி, அங்கிருந்து நாலு தையல் முனைகளையும் நோக்கிச் சாய்வாக வெட்டுவார்கள். தையலுக்கு ஒரு நூல் இப்பால் நிற்க வேண்டும். முன்னாலேயே நின்றால் மூலையில் சுருக்கம் விழும். ஒரு நூல் தாண்டினால் ஓட்டை. பட்டியை உள்ளே தள்ளித் திருப்பியதும் இரண்டு பக்கமும் குட்டி முக்கோணம் ஒன்று மிஞ்சும். அதைப் பட்டியோடு சேர்த்து அழுத்தித் தைத்தால்தான் வாய் சதுரமாக நிற்கும். பேன்ட்டை வாங்கும்போது இந்த மூலையில் நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அந்த முக்கோணத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்கலாமா?

நிற்கும்போது வைக்கலாம், உட்காரும்போது எடுத்துவிடுங்கள். தடித்த பர்ஸின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டினால் இடுப்பு ஒரு பக்கம் ஏறி, காலுக்கு ஓடும் நரம்பு அழுந்தி வலி வரலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கூட்டமான பஸ்ஸில் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். பின் பாக்கெட்டில் பட்டன் கேளுங்கள், அல்லது இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் மூன்றரை இன்ச்சில் உள் பாக்கெட் ஒன்று கேளுங்கள். வெளியூர் போகும்போது அதன் அருமை தெரியும்.

ஜீன்ஸின் வலப்பக்கம் இருக்கும் குட்டிப் பாக்கெட் எதற்கு?

சங்கிலிக் கடிகாரத்துக்கு. கைக்கடிகாரம் பரவாத காலத்தில் தொழிலாளி கடிகாரத்தை அதில்தான் செருகினார். 1873-ல் வந்த முதல் பேன்ட்டிலேயே அது உண்டு. அப்போது பின்பக்கம் ஒரே ஒரு பாக்கெட்தான். இரண்டாவது பின் பாக்கெட் 1901-ல் வந்து மொத்தம் ஐந்தானது. 2005 செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று, இந்தப் பாக்கெட் எதற்கென்று யோசித்ததுண்டா என்று கேட்டுவிட்டு அதிலிருந்து ஐபாட் நேனோவை உருவிக் காட்டினார். இப்போது அதில் லாக்கர் சாவியும் பத்து ரூபாய்க் காசும்தான் கிடக்கின்றன.

பெண்கள் ஜீன்ஸில் மட்டும் பாக்கெட் ஏன் இவ்வளவு சின்னது?

சந்தேகம் நியாயமானதுதான், அளந்தும் பார்த்துவிட்டார்கள். 2018-ல் அமெரிக்காவின் "தி புடிங்" இணையதளம் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை எடுத்து அளந்தது. பெண்களுக்கான முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு.

இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டிலிருந்து 19-ம் நூற்றாண்டு வரை பெண்கள் பாவாடைக்கு அடியில் நாடாவில் கோத்த பைகளை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பாவாடையின் பக்கத்தில் விட்ட பிளவு வழியாகக் கை உள்ளே போகும். சாவி, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, காசு எல்லாம் அதில் இருக்கும், பை அவ்வளவு பெரியது. நம் பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். 1790-களில் நெஞ்சுக்குக் கீழேயே இறுக்கிக் கட்டிய மெல்லிய கவுன் நாகரிகம் வந்ததும் அந்தப் பை துருத்திக்கொண்டு தெரிந்தது. கையில் பிடிக்கும் குட்டிப் பை வந்தது அப்போதுதான். ஆண்கள் உடுப்பிலோ பாக்கெட் உள்ளேயே தைக்கப்பட்டு நிலைத்துவிட்டது.

இன்றைக்குச் சொல்லப்படும் காரணம், உடம்போடு ஒட்டிய வெட்டு. பை வைத்தால் உப்பித் தெரியும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஒட்டாத பேன்ட்டிலும் அதே மூன்று இன்ச் பை வைப்பதற்கு என்ன சமாதானம்? வாய் மட்டும் தைத்து உள்ளே பையே இல்லாத பொய் பாக்கெட் இன்னும் மோசம். பையை வைக்காமல் விட்டால்கூடப் பரவாயில்லை, இருப்பதுபோல ஏமாற்றுவதுதான் எரிச்சல்.

சுடிதார் டாப், குர்த்திக்குப் பாக்கெட் வைக்க முடியுமா? தைத்து முடித்ததற்கும்?

முடியும். இரண்டுக்கும் ஒரே சிக்கல், பக்கவாட்டு ஓப்பன். குர்த்தியின் ஓப்பன் இடுப்புக்குக் கீழே தொடங்குகிறது. பாக்கெட் வாய் அதற்கு மேலேயே முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பை ஓப்பனில் எட்டிப் பார்க்கும். இடுப்புக்கும் ஓப்பனுக்கும் நடுவே 6 இன்ச் இடம் இருக்கிறதா என்று முதலில் டேப் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் புதிதாகத் தைக்கும்போது ஓப்பனை ஒரு இன்ச் இறக்கச் சொல்லுங்கள்.

தைத்து முடித்ததில் வைக்க, வலப்பக்கத் தையலை 6 இன்ச் பிரித்து, உள்ளங்கை வடிவில் வெட்டிய இரண்டு துண்டுகளை முன்துண்டில் ஒன்று, பின்துண்டில் ஒன்றாக இணைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து ஓவர்லாக் அடிப்பார்கள். பழகிய கைக்குப் பெரிய வேலை இல்லை.

அடுத்தது எடை. பேன்ட்டில் இடுப்புப் பட்டி தாங்கும். குர்த்தியில் தாங்க ஆளில்லை. ரேயான் துணியில் போனைப் போட்டால் அந்தப் பக்கம் ஒரு இன்ச் இறங்கி, நடக்கும்போது தொடையில் அடிக்கும். வாயின் ஓரத்தில் நாடா வைத்துத் தைத்தால் இழுபடாது. பையின் மேல் நுனியை நீட்டி இடுப்புத் தையலில் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. அம்பர்லா மாடலில் அங்கே தையல் இருப்பதால் இது சுலபம். பை துணி மேல் துணியின் நிறத்திலேயே இருக்கட்டும். கறுப்புக் குர்த்தியில் வெள்ளைப் பை தெரிந்தால் நன்றாக இருக்காது.

லெக்கிங்ஸுக்குக் கேட்காதீர்கள். அந்த இழுவைத் துணியில் பை வைத்தால் உருவம் அப்படியே தெரியும். நைட்டிக்குக் கேட்கவே தேவையில்லை. வலப்பக்கம் அதுவே இருக்கும். வீட்டு உடுப்புக்குக் கொடுப்பதை வெளியே போடும் உடுப்புக்கு ஏன் கொடுப்பதில்லை என்பது எனக்கும் விளங்கவில்லை.

புடவைக்கு?

புடவையில் இல்லை, உள்பாவாடையில் வைக்கலாம். நாடா கட்டும் இடத்துக்கு 3 இன்ச் கீழே, வலது பக்கம் முன்னால், 5 இன்ச்சுக்கு 6 இன்ச் பை, மேலே ஜிப். ரயில் பயணத்துக்கும் கோயில் கூட்டத்துக்கும் நகை, பணம் வைக்கத் தைரியமான இடம். அவசரத்துக்கு எடுக்க உதவாது என்பதுதான் அதன் பலமும்.

வேட்டி கட்டுபவர்கள் எங்கே வைப்பது?

வேட்டியின் இடுப்பு மடிப்பிலேயே காசைச் சுருட்டிச் செருகினார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சொன்னது அந்த மடியைத்தான். அது போக, உள்ளே போடும் பட்டாபட்டி டிராயரில் முழங்கை போகிற அளவுக்கு ஆழமான பாக்கெட் இருக்கும். வியாபாரிகள், விவசாயிகள் பை வைத்த அகலமான பச்சை பெல்ட்டை வேட்டிக்கு மேல் இறுக்குவார்கள். பாக்கெட் வைத்த பனியன் இன்றும் கிடைக்கிறது. இப்போது ஒட்டிக்கொள்ளும் வேட்டியில் பாக்கெட்டே தைத்து வருகிறது. மணமேடையில் மாப்பிள்ளைக்கு உதவும்.

பாக்கெட் இல்லாத உடை நமக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்தின் கில்ட்டுக்குப் பை கிடையாது, அதனால் முன்னால் ஸ்போரன் என்ற தோல்பையைத் தொங்கவிடுகிறார்கள். ஜப்பானில் கிமோனோவின் தொங்கும் கைப்பகுதியே பையாகப் பயன்பட்டது.

புதுக் கோட்டின் பாக்கெட்டைத் தைத்து மூடியிருக்கிறார்களே, பிரிக்கலாமா?

பிரிக்கலாம். கடைக்கு வரும்வரை வடிவம் கெடாமல் இருக்கத்தான் அந்த நூல். பிரிப்பதற்கு முன்னால் உள்பக்கம் தடவிப் பாருங்கள். பை தட்டுப்பட்டால் உண்மையான பாக்கெட். தட்டுப்படாவிட்டால் அது வெறும் மூடி, பிளேடை எடுக்காதீர்கள். கோட்டின் பின்பக்க ஓப்பனில் பெருக்கல் குறி போல ஒரு நூல் இருக்கும். அதையும் பிரித்துவிட வேண்டும். பலர் அதோடு கல்யாண போட்டோவில் நிற்கிறார்கள்.

கீழ்ப் பாக்கெட்டுகளில் மூன்று மாதிரி. மூடி இல்லாத டபுள் போன் மிகவும் முறையானது, இரவு விருந்து கோட்டுக்கு அதுதான். மூடி வைத்தது எல்லா இடத்துக்கும் பொருந்தும். பேட்ச் வைத்தது லினன், காட்டன் கோட்டுக்கு. சிலவற்றில் வாய் சாய்வாக இருக்கும். குதிரையில் உட்கார்ந்தபடி கை விட வசதியாக இங்கிலாந்தில் வந்த பழக்கம் அது. நெஞ்சுப் பாக்கெட் கைக்குட்டைக்கு மட்டும்.

வெளிப் பாக்கெட்டில் எதையும் வைக்காமல் இருப்பதே உத்தமம், கோட் தொய்ந்துவிடும். உள் பாக்கெட்டைத்தான் நன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். வரவேற்பில் நிற்கும் மாப்பிள்ளைக்கு மொய்க் கவர்கள் நீளமாக வரும். குறைந்தது ஏழரை இன்ச் ஆழம் சொல்லுங்கள்.

கார்கோ பாக்கெட் எங்கிருந்து வந்தது?

ராணுவத்திலிருந்து. 1930-களின் கடைசியில் பிரிட்டிஷ் படைவீரர் உடுப்பில் இடது தொடையின் முன்பக்கம் வரைபடம் வைக்கப் பெரிய பை தைத்தார்கள். 1942-ல் அமெரிக்க பாராசூட் படைக்கு வில்லியம் யார்பரோ வடிவமைத்த உடுப்பில் தொடையின் இரு பக்கமும் விரியும் பைகள் வந்தன. விமானத்திலிருந்து குதிக்கிறவருக்கு உடம்பில் இருப்பதுதான் சொத்து, உணவும் வெடிமருந்தும் அதில் போனது. நிறைய அடைத்தால் பை ஆடியது. அதனால் நாடாவால் தொடையோடு கட்டிக்கொண்டார்கள். நாம் போடும் கார்கோவிலும் அதே கதைதான். மூடிக்குப் பட்டன் இல்லாவிட்டால் ஓடும்போது எல்லாம் வெளியே வரும்.

ஹூடியின் முன்னால் இருக்கும் பெரிய பை?

கங்காரு பாக்கெட். இரண்டு பக்கமும் வாய் உள்ள பேட்ச், அவ்வளவுதான். கை கதகதப்புக்கு நல்லது. படுத்தால் போன் விழும்.

பேன்ட் பாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் பை முழுவதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஓட்டை பெரும்பாலும் அடியில்தான் விழும், சாவி முனை செய்யும் வேலை. பாதிக்கு மேலே துணி நன்றாக இருந்தால் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுப் புதுத் துணி இணைப்பார்கள். ஆல்டரேஷன் கடைகளில் தினசரி வேலை இது. ஓட்டை சின்னதாக இருக்கும்போதே ஊசி நூலால் இழுத்துக் கட்டினால் அந்த இடம் முடிச்சாகி, பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும்.

புதிதாகத் தைக்கும்போது பை துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். ஆயிரம் ரூபாய் பேன்ட் துணிக்குள் கொசுவலை மாதிரி ஒன்றை வைப்பவர்களும் உண்டு. பாலியஸ்டர் கலந்த, நெருக்கமாக நெய்த பாக்கெட் துணி நீண்ட நாள் வரும். முழுக் காட்டன் மெத்தென்று இருக்கும், வியர்வை உறிஞ்சும், ஆனால் முதலில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பில் பை சுருங்கி மேல் துணியை உள்ளே இழுக்கும்.

ஸ்கூல் யூனிபார்முக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது?

சட்டைப் பையில் பள்ளி முத்திரை தைப்பதாக இருந்தால், பையைச் சட்டையில் வைப்பதற்கு முன்பே முத்திரையைத் தைக்க வேண்டும். பிறகு தைத்தால் பையின் வாயே மூடிக்கொள்ளும். டிராயர், பேன்ட் பாக்கெட் ஆழம் பிள்ளையின் கை நீளத்துக்கு மேல் போகக் கூடாது. அடியில் கிடக்கும் பென்சில் சீவலும் புளியங்கொட்டையும் நேராக வாஷிங் மெஷினுக்குத்தான் போகும்.

பாக்கெட்டுக்குத் தனியாகத் துணி எடுக்க வேண்டுமா?

சட்டைக்கு வேண்டாம், வெட்டுத் துண்டிலேயே வந்துவிடும். கட்டம் பொருத்த வேண்டும் என்றால் மட்டும் 20 செ.மீ. கூட எடுங்கள். பேன்ட்டுக்குப் பை துணியை டெய்லரே வைத்திருப்பார். குர்த்திக்கு 30 செ.மீ. போதும், அதே துணியிலோ அதே நிற காட்டனிலோ கொடுக்கலாம். மறக்காமல் போனையும் எடுத்துப் போங்கள். "இது உள்ளே போகணும்" என்று மேசையில் வைத்தால், டெய்லர் அதன் மேலேயே டேப்பை வைத்து அளந்துகொள்வார்.